பொதுத்துறையில் புதுமை: ஒரு பெட்டியின் கதை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



காரியதரிசி எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ரொம்ப நீளம். 'பொதுத்துறைப் பணியில் புதுமை, தகவல் தொடர்பு மற்றும் நிர்வாகச் சவால்கள்' என்று நோட்டீசில் போட்டிருக்கிறார். இதே தலைப்பில் என் முப்பத்துநாலு வருஷ சர்வீசில் எத்தனையோ டிரெயினிங் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த வகுப்புகளில் என்ன சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பாவத்தை நான் உங்களுக்குச் செய்ய விரும்பவில்லை. ஒரே ஒரு பெட்டியின் கதையைச் சொல்கிறேன். கடைசியில் என் சொந்தக் கதை ஒன்று. அது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை.

இந்த ஹாலில் இருக்கும் பெரியவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு மூன்றெழுத்து ஆபீசில் காலம் தள்ளியவர்கள்தான். 1940ல் எச்.ஏ.எல்., 1948ல் ஐ.டி.ஐ., 1953ல் எச்.எம்.டி., 1954ல் ஜாலஹள்ளியில் பி.இ.எல். என்று வரிசையாக இந்த ஊரில் தொழிற்சாலைகள் வந்தன. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் நாம். ஆகவே நான் சொல்லப்போவது நம் வீட்டுச் சமாசாரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

2024 ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. பெங்களூரில் பாராளுமன்றத் தேர்தல். காலை ஏழு மணிக்கே போய்விட்டால் வெயிலுக்கு முன் வந்துவிடலாம் என்று நானும் ஆத்துக்காரியும் கிளம்பினோம். எங்களுக்கு முன்பே முப்பது பேர் அதே யோசனையோடு நின்றிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மாமா, எண்பது வயதிருக்கும், என் பக்கம் திரும்பி, "நாம அமுக்கறது நாம நினைச்ச இடத்துக்குத்தான் போறதுன்னு என்ன ஸ்வாமி நிச்சயம்?" என்று கேட்டார். அதே நாள், கிட்டத்தட்ட அதே கேள்விக்கு டில்லியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இயந்திரத்தோடு இணைந்த சீட்டுகளை நூற்றுக்கு நூறு எண்ண வேண்டும் என்று கேட்ட மனுக்களைத் தள்ளுபடி செய்து, கூடுதலாகச் சில பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யச் சொன்ன தீர்ப்பு அது. நாங்கள் அதை மத்தியானம் டி.வி.யில்தான் பார்த்தோம். மாமாவின் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அந்தப் பெட்டியைச் செய்த இரண்டு நிறுவனங்களும் பொதுத்துறை. ஒன்று ஹைதராபாத் இ.சி.ஐ.எல்., இன்னொன்று நம் ஜாலஹள்ளி பி.இ.எல். திருச்சிக்காரர்கள் 'பெல்' என்றால் பாய்லர் தொழிற்சாலையை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது அது இல்லை.

கதை 1977ல் ஆரம்பிக்கிறது. காகிதச் சீட்டு, முத்திரை, இரும்புப் பெட்டி, நாள்கணக்கில் எண்ணுவது, செல்லாத வாக்குகள் என்று இருந்த காலம். எலெக்ட்ரானிக் இயந்திரம் செய்யமுடியுமா என்ற யோசனையைத் தேர்தல் ஆணையம் அந்த வருஷம் எழுப்பியது. 1979ல் இ.சி.ஐ.எல். முன்மாதிரியைச் செய்துவிட்டது. 1980 ஆகஸ்ட் 6ம் தேதி கட்சிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டுக் காண்பித்தார்கள். பிறகு பி.இ.எல். நிறுவனமும் சேர்ந்தது. எண்ணிப் பாருங்கள்: யோசனைக்கும் முன்மாதிரிக்கும் நடுவே இரண்டு வருஷம். ஆனால் நாடு முழுவதும் எல்லாத் தொகுதிகளிலும் அது உபயோகத்துக்கு வந்தது 2004ல். செய்ய இரண்டு வருஷம், ஒப்புக்கொள்ள வைக்க இருபத்துநாலு வருஷம்! பொதுத்துறையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நடுவில் என்ன ஆயிற்று? முதலில் பரூர். கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லாவில் இருக்கும் தொகுதி. 1982 மே 19ம் தேதி சட்டசபைத் தேர்தலில் அங்கே 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் இயந்திரத்தை வைத்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் கூடாது என்று முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போனவர். கோர்ட் தலையிடவில்லை. தேர்தல் நடந்தது, முடிவைப் பார்த்தால் ஜெயித்தது அவரே. 123 வாக்கு வித்தியாசம். இப்போது தோற்றுப்போன காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். இயந்திரம் வேண்டாமென்றவர் இயந்திரத்தால் ஜெயித்து வாயை மூடிக்கொண்டார். சும்மா இருந்தவர் வழக்குப் போட்டார். நம்மில் யாராவது இதைக் கதையாக எழுதினால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1984 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. இயந்திரம் தப்பாக எண்ணியது என்று கோர்ட் சொல்லவில்லை. சட்டத்திலும் விதிகளிலும் வாக்குச்சீட்டு என்றால் காகிதம்தான், இயந்திரத்துக்கு இடமில்லை, சட்டம் இருக்கும்போது ஆணையம் தன்னிச்சையாக அதை மாற்ற முடியாது என்று சொன்னது. அந்த 50 சாவடிகளில் மறுபடியும் காகிதத்தில் வாக்குப்பதிவு. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பொறியாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார்கள். சர்க்யூட் சரி, பாட்டரி சரி, எண்ணிக்கை சரி. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பதும் இந்த வேலையின் ஒரு பாகம் என்று யாரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. அது 'வேறு டிபார்ட்மென்ட்' சமாசாரம். சட்டத்தில் 61ஏ என்ற பிரிவைச் சேர்க்க 1988 டிசம்பர் வரை ஆயிற்று. 1989 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது.

சரி, சட்டம் வந்துவிட்டது. 1989-90ல் ஒன்றரை லட்சம் இயந்திரங்கள் வாங்கினார்கள். ஒன்று சுமார் 5,500 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் எண்பது கோடிக்கு மேல். வாங்கி? கிடங்கில் வைத்தார்கள். கட்சிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1990ல் நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து, இயந்திரம் நம்பகமானது, தாமதிக்காமல் உபயோகிக்கலாம் என்றே சொன்னது. ஆனாலும் 1998 நவம்பர் வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லி மூன்றிலுமாகச் சேர்த்து 16 சட்டசபைத் தொகுதிகளில் வைத்துப் பார்த்தார்கள். எட்டு வருஷம் கிடங்கில் கிடந்த ஒரு பொருளை ஆடிட் பார்ட்டி வந்து பார்த்தால் என்ன எழுதுவார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பாராவுக்குப் பதில் எழுத யாரோ ஒரு சீனியர் அசிஸ்டென்ட் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருப்பார்; அவருக்கு என் அனுதாபம்.

இந்த இடத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.இ.எல்.லில் இந்த இயந்திரத்தை வடிவமைத்துத் தயாரித்ததில் முக்கியப் பங்கு வகித்தவர் எஸ். ரங்கராஜன். அப்படிச் சொன்னால் சிலருக்கு யாரென்று தெரியாது. எழுத்தாளர் சுஜாதா என்றால் மாமிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், பாருங்கள்! ஸ்ரீரங்கத்துக்காரர். திருச்சி செயின்ட் ஜோசப், குரோம்பேட்டை எம்.ஐ.டி., பிறகு விமானப் போக்குவரத்துத் துறை, அப்புறம் பெங்களூர். மனைவியின் பெயரில் எழுதிக்கொண்டே பகலில் ஆபீசுக்குப் போனவர். நான் அவரை ஜாலஹள்ளிப் பக்கம் ஓரிரு முறை தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, பேசியதில்லை. 2008 பிப்ரவரியில் காலமானார்.

ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' என்று கேள்வி-பதில் எழுதினாரே, ஞாபகம் இருக்கிறதா? பட்டிதொட்டியிலிருந்து ஒரு பையன் போஸ்ட் கார்டில் கேட்ட கேள்விக்கு அவனுக்குப் புரிகிற தமிழில் பதில் வரும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதைச் சைக்கிள் கடைக்காரருக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நானாகப் போடும் முடிச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி-பதில் ஞாபகம் வருகிறது. காரணம், அந்தப் பெட்டி தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் பெட்டி.

எப்படி என்று சொல்கிறேன். இரண்டு பாகம். ஒன்று வாக்காளர் பக்கம்: பெயர், சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. ஒரு யூனிட்டில் 16 பெயர். இன்னொன்று அதிகாரியின் மேஜைமேல். இரண்டுக்கும் நடுவே ஐந்து மீட்டர் ஒயர். அதிகாரி தன் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு வாக்குக்கு வழி திறக்கும். வாக்காளர் அழுத்தினால் விளக்கு எரிந்து 'பீ...ப்' என்று நீளமாக ஒரு சத்தம். அவ்வளவுதான், மறுபடி அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. கரண்ட் வேண்டாம், பாட்டரியில் ஓடும். எந்த நெட்வொர்க்கோடும் தொடர்பு கிடையாது. அந்த 'பீப்' இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், வெளியே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுக்கும், ஒரு வாக்கு விழுந்தது என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

நிமிஷத்துக்கு ஐந்து வாக்குக்கு மேல் போட முடியாதபடியும் வைத்தார்கள். இதில் என்ன புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். காகிதக் காலத்தில் பூத்தைக் கைப்பற்றும் கும்பல் பத்து நிமிஷத்தில் கட்டுக்கட்டாக முத்திரை குத்திவிடும். இதில் அரை மணி நேரம் நின்று அமுக்கினாலும் 150 தான். அதற்குள் போலீஸ் வரலாம், அதிகாரியும் 'க்ளோஸ்' பொத்தானை அமுக்கிவிடலாம். வேகமாக வேலை செய்வதுதான் முன்னேற்றம் என்று நினைக்கும் நமக்கு, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும் இயந்திரம் ஒரு பாடம். நம் ஆபீஸ்களில் இந்தத் தத்துவத்தை வேறு காரணங்களுக்காகக் கடைப்பிடித்தோம் என்பது வேறு விஷயம்.

அதன் வரம்பும் உண்டு. நாலு யூனிட்டைச் சேர்த்தால் 64 பேர், அதற்கு மேல் அந்தக் கால இயந்திரத்தில் இடமில்லை. 1996ல் ஈரோடு ஜில்லா மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரச்சினையை எந்த எஞ்சினியரும் தீர்க்கவில்லை. டெபாசிட் தொகையை உயர்த்தித் தீர்த்தார்கள்.

1999 தேர்தலில் நம் பெங்களூர் வடக்குத் தொகுதியில் இயந்திரம் வைத்ததைப் பற்றி ஒரு வேட்பாளர் வழக்குத் தொடர்ந்தார். கர்நாடக ஹைகோர்ட் நிபுணர்களைக் கூப்பிட்டு விசாரித்து, 2004ல் இயந்திரத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தேசத்துக்குப் பெருமை என்கிற அளவுக்குப் பாராட்டவும் செய்தது. அதோடு முடிந்தது என்று ஜாலஹள்ளியில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். முடியவில்லை. 2010ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கைக்குக் கிடைத்த ஓர் இயந்திரத்தைத் திறந்து, உள்ளே கை வைக்க முடிந்தால் என்னென்ன செய்யலாம் என்று காட்டினார்கள். இயந்திரம் எப்படிக் கையில் கிடைத்தது என்ற வழக்கில் அவர்களில் ஹைதராபாத்காரர் கைதானார். இயந்திரம் காணாமல் போனால் விசாரிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் கைதானார் என்பது மட்டும்தான் ஜனங்கள் மனசில் நிற்கும். நூறு செய்திக் குறிப்பு வெளியிட்டாலும் அதை அழிக்க முடியாது.

அதே வருஷம் அக்டோபர் 4ம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், காகிதச் சாட்சி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. அதையும் இதே இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள்தான் செய்தன. வெயிலிலும் குளிரிலும் மழையிலும் வேலை செய்கிறதா என்று 2011ல் ஜெய்சல்மர், லே, சிரபுஞ்சி, திருவனந்தபுரம், டில்லி ஆகிய இடங்களில் சோதித்தார்கள். 2013 செப்டம்பரில் நாகாலாந்தில் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முதலாக வைத்தார்கள். அடுத்த மாதமே, படிப்படியாகக் கொண்டுவாருங்கள் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019 பாராளுமன்றத் தேர்தலில் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரிந்து, அறுந்து உள்ளே விழுகிறதே, அதுதான். ஆக, காகிதத்தை ஒழிக்கப் புறப்பட்ட இயந்திரம் காகிதத்திடமே திரும்பி வந்தது. இதைத் தோல்வி என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவனை முட்டாள் என்று சொல்லாமல், அவன் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். முதலிலேயே செய்திருக்கலாம் என்பது மட்டும்தான் என் குறை.

நம் ராஜ்யத்திலிருந்தே இன்னொரு உதாரணம், சுருக்கமாக. 'பூமி' திட்டம். கிராமத்தில் பஹணி வேண்டுமென்றால் வில்லேஜ் அக்கவுன்டன்ட் எப்போது கண்ணில் படுவார் என்று அலைய வேண்டியிருந்தது, கையில் கொஞ்சம் வைக்கவும் வேண்டியிருந்தது. ஊரில் நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பொறுப்பில் சுமார் இரண்டு கோடிப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 177 தாலுக்காக்களிலும் கவுன்டர் திறந்து, 15 ரூபாய்க்குப் பிரதி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் வாங்குவது பெரிய காரியமில்லை. ஒரு தாலுக்காவில் கவுன்டர் திறந்ததும், அங்கே கையால் எழுதிய பஹணி இனிமேல் செல்லாது என்று அறிவித்தார்களே, அதுதான் காரியம். பழைய வழியும் திறந்திருந்தால் ஜனங்கள் பழைய வழியில்தான் போவார்கள். விஷயம் தெரிந்த நிர்வாகி செய்த வேலை.

இனி என் கதை. என் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, உப்பிட்டவரைச் சொல்லக்கூடாது. தவிர, தப்பு நிறுவனத்தினுடையது அல்ல, என்னுடையது.

1987 வாக்கில் நான் ஒரு பிரிவுக்கு டெபுடி மேனேஜர். எங்களிடம் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டு மீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு போர்டுக்கு நாற்பது நிமிஷம் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், தாவணகெரே பக்கம், ஆறு மாதம் சாயங்காலங்களில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட உதிரிப் பாகங்களை வைத்து ஒரு சோதனைப் பெட்டி செய்தான். போர்டை அதில் பொருத்தினால் ஐந்து நிமிஷத்தில் எது பழுது என்று விளக்கு எரியும். தூசி படக்கூடாதென்று அவன் அம்மா பழைய போர்வையில் உறைகூடத் தைத்துக் கொடுத்திருந்தாள். என்னிடம் காண்பித்தான். எனக்கு மகா சந்தோஷம். முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

பிறகு என்ன செய்தேன்? ஃபைல் போட்டேன். நல்ல இங்கிலீஷில் இரண்டு பக்க நோட். அதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்தேன். நிதிப் பிரிவு, கழிவுப் பொருளை ஸ்டோர்சில் திருப்பாமல் உபயோகித்தது எந்த அனுமதியின் பேரில் என்று கேட்டது. தரக்கட்டுப்பாடு, சோதனை முறையை மாற்ற வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும் என்றது. யூனியனில், ஓவர்டைம் போய்விடும் என்று பேச்சு எழுந்தது. மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது. சோதனையில் தேங்கிக் கிடந்ததால்தான் எங்களுக்குப் புது ஆர்டர் வரவில்லை. பெட்டி வந்தால் வேலை கூடுமே தவிர குறையாது. இதை நான் நிதிப் பிரிவுக்கு எழுத்தில் சொன்னேன். பட்டறையில் இறங்கி, ஐம்பது பேர் முன்னால் நின்று வாயால் சொல்லவில்லை. போகக் கூச்சம், கத்துவார்களோ என்று பயம். நல்ல விஷயம் தானாகவே விளங்கும் என்ற ஒரு அசட்டு நம்பிக்கையும்தான்.

கமிட்டி போட்டார்கள். நானும் ஒரு மெம்பர். மூன்று முறை கூடினோம், நாலாவது முறை கோரம் இல்லை. 'மேலும் பரிசீலிக்கலாம்' என்று நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் பையன் தனியார் கம்பெனிக்குப் போய்விட்டான். போகும்போது என்மேல் கோபம்கூடப் படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டி அலமாரிக்கு மேலே, உறை போட்டபடி. ஐந்து வருஷம் கழித்து, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து லட்சக்கணக்கில் கொடுத்து வரவழைத்தோம். திறப்பு விழாவில் தேங்காய் உடைத்தது அடியேன்.

பையன் இப்போது பையன் இல்லை. பீன்யாவில் சொந்தத் தொழில் நடத்தி, பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டான். மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பார்த்தேன். காலைத் தொட்டு நமஸ்காரம் பண்ணினான். பெட்டியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் ரிடையர் ஆன அன்று மாலை மரியாதையெல்லாம் முடிந்தபின், பழைய யூனியன்காரர் ஒருவர் கேட்வரை கூட வந்தார். அல்சூர்க்காரர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு சுத்தம். "சார், அந்தப் பெட்டி விஷயத்துல நாங்க எதிர்த்தோம்னு உங்களுக்கு இன்னும் மனசுல இருக்கும். ஓவர்டைம் போகாதுன்னு நீங்க ஒரு நாள் கீழ இறங்கி வந்து சொல்லியிருந்தா, நாங்களே தூக்கிட்டுப் போய் மேஜைமேல வெச்சிருப்போம். உங்க நோட்டு எங்க கண்ணுலயே படல சார்" என்றார்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். டிபன் ரெடி என்று உள்ளேயிருந்து சைகையும் வருகிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வாக்கு இயந்திரத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவரை சொல்கிறேன்.